உடைக்காத கடிதங்கள்

பெரும்பாலும் பையோடுதான் வருவார்கள். சாமான் வாங்கிய கடைப் பை. அதற்குள் உடைக்காத கடிதங்கள். கிழக்கு லண்டனில் ஒரு சமூக நிலையத்தின் பின்னறையில் செவ்வாயும் வியாழனும் கடன் ஆலோசனைக்கு இருக்கிறேன். பதினாறு வருடமாயிற்று. பல நாட்டவரும் வருகிற இடம் அது. தமிழ் கதைக்கிறவர்களை என்னிடம் அனுப்பிவிடுவார்கள்.

எவ்வளவு கடன் என்று நான் எடுத்தவுடன் கேட்பதில்லை. பையை மேசையில் கவிழ்த்து, பழம் வெட்டுகிற சின்னக் கத்தி ஒன்றைக் கையில் கொடுத்து, “நீங்களே உடையுங்கோ” என்பேன். நான் உடைத்தால் வேலை கெதியாக முடியும்தான். ஆனால் அந்த மனிதர் மாதக்கணக்காகப் பயந்துகொண்டிருப்பது இந்த உறைகளுக்குத்தான். முதல் மூன்று கடிதத்துக்கும் கை நடுங்கும். பத்தாவது வரும்போது உறையின் மேற்பக்கத்தைப் பார்த்தே, “இதும் அவங்கடைதான்” என்று தாங்களாகச் சொல்லத் தொடங்குவார்கள். அந்த இடத்தில்தான் என் வேலை ஆரம்பிக்கிறது.

உடைத்ததைத் திகதி வரிசையில் அடுக்குவோம். கவுன்சிலில் இருந்து வந்தது ஒரு அடுக்கு, கடன் அறவிட வருகிற பெய்லிப் கம்பனியில் இருந்து வந்தது இன்னொன்று, கிரெடிட் காட் காரருடையது தள்ளி ஒரு மூலையில். இப்படி அடுக்கினால் கதை தானாகத் தெரியும். எங்கே தொடங்கியது, எந்தக் கிழமையில் கை நழுவியது, எந்தக் கடிதத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்தது என்று அந்த மேசையே சொல்லும்.

2019 நவம்பரில் வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்கிறேன். பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை. கணவர் அந்த மார்ச்சில் வீட்டை விட்டுப் போய்விட்டார். இரண்டு பிள்ளைகள். பையில் இருந்தவை முப்பத்தொரு கடிதங்கள். அவற்றில் நான்கைந்தை மட்டும் யாரோ உடைத்து, மடித்து, திரும்ப உறைக்குள் வைத்திருந்தார்கள். “மகள்தான் வாசிச்சுச் சொன்னவள்” என்றார். மகளுக்குப் பதினொரு வயது. அன்றும் மொழிபெயர்க்கக் கூடவே வந்திருந்தாள். அவளை வெளியில் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். தாயின் கடனைப் பிள்ளை வாசிக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அவருடைய கவுன்சில் டக்ஸ், அதாவது வீட்டுக்கான கவுன்சில் வரி, வருடத்துக்கு 1,420 பவுண். இங்கிலாந்தில் இதை வழக்கமாக ஏப்ரலில் இருந்து ஜனவரி வரை பத்துத் தவணையாகக் கட்டுவார்கள். பன்னிரண்டாகப் பிரித்துத் தரும்படி கேட்கவும் உரிமை உண்டு. அது பலருக்குத் தெரியாது. ஏப்ரலில் 142 கட்டியிருக்கிறார். மே மாதம் கட்டவில்லை. உடனே ஒரு நினைவூட்டல் வந்திருக்கிறது: ஏழு நாளுக்குள் கட்டுங்கள் என்று. கட்டாவிட்டால், அதற்கடுத்த ஏழு நாளும் கழிந்தவுடன் தவணையாகக் கட்டுகிற உரிமையே போய்விடும். மிச்சம் முழுவதையும் ஒரே தடவையில் கேட்பார்கள். அவர் விட்டது 142. அடுத்த கடிதம் கேட்டது 1,278. “பிழையாய் அனுப்பிப்போட்டாங்கள் எண்டு நினைச்சன் அக்கா. அதோட பிறகு ஒண்டையும் உடைக்கேல்லை.”

இதே வாக்கியத்தை வேறு வேறு குரல்களில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். நூற்று நாற்பது, ஆயிரத்து முந்நூறாகும்போது கணக்கு பிழைத்துவிட்டது என்றுதான் மனம் சொல்லும். கணக்கு பிழைக்கவில்லை. விதியே அப்படித்தான். அதை யாரும் தமிழில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நீதவான் நீதிமன்ற அழைப்பாணை. கோடு என்ற சொல்லைக் கண்டதும் எங்கள் ஆட்களுக்கு மானம் போனமாதிரி. ஆனால் அங்கே நடப்பது குற்ற விசாரணை அல்ல. ஒரே அமர்வில் நீண்ட பட்டியல் ஒன்றை எடுத்து, இந்த வரிக்கு இவர்தான் பொறுப்பு என்று உத்தரவு கொடுப்பார்கள். லயபிலிட்டி ஓடர் என்பது அதுதான். குற்றப் பதிவும் ஆகாது, கடன் தரப்பதிவிலும் ஏறாது. கட்டிவிட்டேன், அந்த வீட்டில் நான் இருக்கவில்லை, முறைப்படி அறிவிக்கவில்லை என்பவைதான் அங்கே செல்லுகிற பதில்கள். கையில் காசில்லை என்பது அங்கே பதில் ஆகாது. அதைச் சொல்லவேண்டிய இடம் கவுன்சிலின் வரி அறவிடும் பகுதி. சொல்லவேண்டிய காலம் இந்த உத்தரவுக்கு முன். அவர் இரண்டு இடத்துக்கும் போகவில்லை. நீதிமன்றச் செலவும் சேர்ந்து கணக்கு 1,370 ஆனது.

அதற்குப் பிறகு கடிதத்தின் தலைப்பில் இருந்த பெயர் மாறிவிட்டது. வழக்கு பெய்லிப் கம்பனியின் கைக்குப் போய்விட்டது. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் அவர்களுடைய கட்டணத்தை வகுத்தன. கோப்பு கைக்கு வந்த அன்றே 75 பவுண். ஆள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் 235, கடன் 1,500க்கு மேல் போனால் மேலதிகத்துக்கு நூற்றுக்கு ஏழரை. சாமானை எடுத்து விற்கிற கட்டம் வந்தால் இன்னும் 110. அந்த 75 கேட்கிற கடிதத்துக்கும் வாசல் மணிக்கும் இடையில் முழுதாக ஏழு நாளாவது விடவேண்டும் என்பது சட்டம். அந்த ஏழு நாளுக்குள் தொலைபேசி எடுத்தால் 235 இல்லை. எடுக்காவிட்டால் உண்டு. அவர் எடுக்கவில்லை.

ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் படிக்கட்டு மாதிரி எழுதிக் காட்டினேன்: 142, 1,278, 1,370, 1,445, 1,680. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் திகதி. அவர் நெடுநேரம் அதையே பார்த்தார். “அப்ப நான் மே மாசம் போன் எடுத்திருந்தால்?” என்று கேட்டார். நடந்ததை நான் மறைப்பதில்லை. “142தான் பிள்ளை” என்றேன். அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, மிச்சக் கடிதத்தையும் உடைக்கத் தொடங்கினார்.

இங்கே என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். வசதி உள்ளவர் ஒரு தவணை தவறினால் மறுநாள் கட்டிவிடுவார். இந்தப் படிக்கட்டில் அவர் ஏறுவதேயில்லை. ஏறுகிறவர் இரவு வேலைக்காரர், வாடகை வீட்டுக்காரர், ஆங்கிலக் கடிதம் வாசிக்கத் தெரியாதவர். கவுன்சில்கள் பெய்லிப்புக்கு அனுப்ப அவசரப்படுகின்றன. அனுப்புமுன் ஒரு தொலைபேசி அழைப்பு, முடிந்தால் அந்த மனிதரின் மொழியில், எடுத்தால் இந்த முந்நூற்றுப் பத்துப் பவுணில் பெரும்பகுதி யாருக்கும் ஏறாது. இதைக் கூட்டங்களில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். இனியும் சொல்வேன்.

பெய்லிப் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மனதில் எழுவது வேறு ஒரு படம். தமிழ்நாட்டில் அமீனா, இலங்கையில் பிஸ்கால். ஜப்தி என்றால் அண்டா குண்டாவை முற்றத்தில் போடுவது, ஊர் கூடி வேடிக்கை பார்ப்பது. அந்தப் படத்தோடு வாசலைத் திறக்கிறவர் ஒன்று நடுங்கிப்போய் எதற்கும் தலையாட்டுவார், இல்லாவிட்டால் கத்துவார். இரண்டாலும் நட்டம்தான். அதனால் வாசலைப் பற்றி நான் நிறையச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கவுன்சில் வரிக்காக முதல்முறை வருகிற பெய்லிப் உங்கள் கதவை உடைத்து உள்ளே வரமுடியாது. நீங்கள் விட்டால், அல்லது பூட்டாத கதவால், அமைதியாகத்தான் வரலாம். யன்னலால் ஏறி வரக்கூடாது. காலை ஆறுக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் வரக்கூடாது. வீட்டில் பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை மட்டும் நின்றால் உள்ளே வராமல் திரும்பவேண்டும். நீதிமன்றம் கொடுத்த சான்றிதழ் அவரிடம் இருக்கவேண்டும். சான்றிதழ் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கட்டில், படுக்கை விரிப்பு போன்ற அன்றாடத் தேவைச் சாமான்களில் கைவைக்க முடியாது. தொழிலுக்கும் படிப்புக்கும் வேண்டிய பொருட்கள் மொத்தமாக 1,350 பவுண் பெறுமதி வரை பாதுகாப்பு. வாசலில் நிற்கிற கார் மட்டும் அவர் கைக்கு இலகுவாக எட்டும். அதைத்தான் முதலில் தேடுவார்கள். மாற்றுத்திறனாளிகளின் நீல அட்டை வைத்த வாகனத்துக்கு விலக்கு உண்டு.

ஒருமுறை காலை ஏழு மணிக்கு ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். சத்தம் இல்லாத சத்தத்தில், “அக்கா, வாசலில நிக்கிறான். திறக்கட்டோ?” திறக்கவேண்டாம், தபால் துவாரத்தால் கதையுங்கோ, அடையாள அட்டையும் கணக்குத் தாளும் அதற்குள்ளால் போடச் சொல்லுங்கோ, இண்டைக்குப் பின்னேரம் ஆலோசகர் உங்கடை கந்தோருக்கு எழுதுவார் என்று சொல்லுங்கோ என்றேன். வேறு ஒன்றும் சொல்லவேண்டாம், குரலை உயர்த்தவேண்டாம். அவர் அப்படியே செய்தார். வந்தவரும் மரியாதையாக ஒரு கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனார். வாசலுக்கு வருகிறவரும் ஒரு வேலைக்காரர்தான். அவரோடு சண்டை பிடித்து யாரும் ஒரு பவுணைக்கூடக் குறைத்ததை நான் காணவில்லை.

ஒரு வரியை மஞ்சள் மையால் கோடிட்டுப் பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன். சாமான்களை எடுப்பது பற்றி அரசாங்கம் 2014இல் வெளியிட்ட தேசிய நியமங்களில், யாரை நலிவுற்றவராகக் கருதி நடக்கவேண்டியிருக்கும் என்று ஒரு பட்டியல் உண்டு. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள், அண்மையில் உறவை இழந்தவர்கள், கர்ப்பிணிகள், தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்கள். இவர்களோடு, ஆங்கிலம் விளங்கவோ பேசவோ வாசிக்கவோ வெளிப்படையாகச் சிரமப்படுகிறவர்களும். எங்கள் ஆட்கள் ஆங்கிலம் தெரியாததை ஒரு குறையாக மறைப்பார்கள். பெய்லிப்பிடம் எல்லாவற்றுக்கும் ‘யெஸ், யெஸ்’ என்பார்கள். அதை மறைக்கவேண்டாம், எழுத்தில் சொல்லுங்கள் என்கிறேன். நலிவுற்றவருக்கு உதவி தேட இடம் கொடுக்காமல் சாமானைத் தூக்கினால் அந்த 235ஐ அறவிட முடியாது என்று கட்டண விதியே சொல்கிறது. அந்தப் பெண் தனித்தாய். ஆங்கிலக் கடிதத்தை மகள் வாசிக்கவேண்டிய நிலை. இரண்டையும் முதல் வரியிலேயே எழுதினேன்.

இனி, இந்தத் தொழிலில் நான் மிகவும் நேசிக்கிற பகுதி: மாதக் கணக்குத் தாள்.

2017இல் இருந்து ஆலோசகர்கள் பலரும் ஒரே மாதிரிப் படிவம் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். வருமானம், வாடகை, மின்சாரம், சாப்பாடு, பஸ், பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று பெட்டி பெட்டியாக இருக்கும். அதை நிரப்பி, மிஞ்சுவதில் இருந்து கடன்காரருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்க்கவேண்டும். பார்வைக்குச் சுலபம். ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கு அந்தப் பெட்டிகளுக்குள் முழுவதும் அடங்காது. ஊரில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்புகிற காசு, சீட்டு, சாமத்திய வீட்டுக்கு உறையில் வைக்கிற காசு, கோயில் திருவிழாவுக்கு எழுதிக்கொடுத்த உபயம். இவற்றை வெட்கத்தால் எனக்கும் சொல்லமாட்டார்கள். சொல்லாவிட்டால் தாளில் 150 பவுண் மிச்சம் நிற்கும். வீட்டில் ஒரு சதமும் நிற்காது.

சில வருடங்களுக்கு முன் ஒருவருக்கு அப்படி ஒரு தாளை எழுதினேன். சாப்பாட்டுக் கடைகளில் இருந்து சாப்பாடு எடுத்துப்போய்க் கொடுக்கிற வேலை. மாதம் எவ்வளவு கட்டலாம் என்றேன். “200 கட்டுவன் தங்கச்சி” என்றார், நெஞ்சை நிமிர்த்தி. முன்பே ஒருமுறை பெய்லிப்பை உள்ளே விட்டு, காரை எழுதிக்கொடுத்து, கட்டுகிறேன் என்று கையெழுத்தும் வைத்திருந்தார். அந்த ஒப்பந்தத்தை 200க்குப் புதுப்பித்து எழுதினேன். அவர் சொன்ன எண்ணில் ஒரு மனிதனின் மானம் இருந்தது, காசு இருக்கவில்லை. நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கட்டினார். மூன்றாம் மாதம் முடியவில்லை. ஒரு காலை ஆறரைக்கு அவருடைய காரின் சில்லில் பூட்டு விழுந்தது. பூட்டிய பிறகு இரண்டு மணித்தியாலமாவது விட்டுத்தான் வண்டியை இழுக்கவேண்டும். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் தெரிந்தவர் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கி விடுவித்தார். அந்த வட்டியை அடைக்க அவருக்கு ஒன்றரை வருடம் எடுத்தது. அவருடைய மாதக் கணக்குத் தாளின் பிரதி இன்றும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. யாராவது பெரிய எண்ணைச் சொல்லும்போது அந்த லாச்சியைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு நான் கேட்கும் விதத்தை மாற்றினேன். ஊருக்குக் காசு அனுப்புகிறீர்களா என்று கேட்பதில்லை. அது விசாரணை மாதிரி. “ஊருக்கு மாசம் எவ்வளவு அனுப்புறனீங்கள்? நானும் அனுப்புறனான்” என்பேன். அந்தப் பெண் உடனே சொன்னார்: பருத்தித்துறையில் இருக்கிற அம்மாவுக்கு 60. சீட்டு 100, எடுத்துச் செலவழித்தாயிற்று, இன்னும் ஏழு மாதம் கட்டவேண்டும். கிரெடிட் காட் இரண்டுக்குமாக 85. தொடக்க காலத்தில் சீட்டை நிறுத்துங்கள், ஊருக்கு அனுப்புவதை நிறுத்துங்கள் என்று சட்டமாகச் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டவர்கள் இரண்டாம் முறை வரவில்லை. எடுத்த சீட்டை இடையில் விட்டால் பத்துப் பதினைந்து குடும்பத்தின் காசு நிற்கும். அந்த மாமிகளின் முகத்தில் இனி விழிக்க முடியாது. மானமுள்ள மனுசி அதைச் செய்யமாட்டாள். செய்யமாட்டாத ஒன்றை வைத்துக் கணக்கு எழுதினால் அந்தக் கணக்கு நிற்காது.

ஆனால் அந்த 85ஐப் பற்றிக் கட்டாயம் கதைக்கவேண்டியிருந்தது. ஏன் அதை மட்டும் தவறாமல் கட்டினீர்கள் என்று கேட்டேன். “அவங்கள் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறாங்கள் அக்கா. கவுன்சில் ஒருநாளும் எடுக்கேல்லை.” சீட்டு மாமிக்கு முகம் உண்டு, காட் கம்பனிக்குக் குரல் உண்டு, கவுன்சிலிடம் இருந்து வருவது உறை மட்டும். முகத்துக்கும் குரலுக்கும் கட்டிவிட்டு, உறையை லாச்சிக்குள் வைக்கிறோம். சட்டத்தின் பலம் நேர்மாறாக இருக்கிறது. கிரெடிட் காட்காரர் வீட்டுப் பக்கம் வரவேண்டுமானால் அவர் முதலில் நீதிமன்றம் போய், தீர்ப்பெடுத்து, பிறகும் பல படி ஏறவேண்டும். கவுன்சிலோ ஒரே உத்தரவோடு சம்பளத்தில் பிடிக்கலாம், அரசாங்க உதவிப் பணத்தில் கழிக்கலாம், பெய்லிப்பை அனுப்பலாம். மனமறிந்து கட்ட மறுத்தார் அல்லது பொறுப்பற்று விட்டார் என்று நிரூபித்தால் இங்கிலாந்தில் மூன்று மாதம் வரை சிறைக்கும் அனுப்பலாம். அபூர்வம்தான், ஆனால் சட்டத்தில் இருக்கிறது. வேல்ஸ் 2019 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டது. அதனால் வாடகை, கவுன்சில் வரி, காஸ், கரண்ட், நீதிமன்ற அபராதம் ஆகியவற்றை முன்கடன் என்கிறேன். காட் எல்லாம் பின்கடன். இரண்டு காட் கம்பனிக்கும் நிலைமையை எழுதி, மாதம் ஒரு பவுண் வீதம் பேருக்குக் கட்ட ஒழுங்கு செய்தோம்.

கணக்கைத் தொடங்குமுன் கடனே சரியா என்றும் பார்க்கவேண்டும். வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் வரியில் நூற்றுக்கு இருபத்தைந்து கழிவு உண்டு. கணவர் போனது மார்ச்சில். யாரும் கவுன்சிலுக்குச் சொல்லவில்லை. வெளியில் தெரியவேண்டாம் என்று அந்தப் பெண் மறைத்திருந்தார். இந்தக் கழிவை விசா நிபந்தனையில் அரசு உதவி பெறக்கூடாது என்று இருப்பவர்களும் கேட்கலாம். அது அரசு உதவிக் கணக்கில் வராது. வருமானம் குறைந்தவர்களுக்கான வரிக் குறைப்பு அப்படியல்ல. அது அரசு உதவிப் பட்டியலில் இருப்பதால் அவர்கள் கேட்கக்கூடாது. தெரியாமல் கேட்டுச் சிக்கலில் மாட்டியவர்கள் உண்டு. முழுநேர மாணவர், கடும் மனநலப் பாதிப்பு அல்லது மறதி நோய் உள்ள முதியவர் என்று இன்னும் பல கழிவுகள் இருக்கின்றன. மறதி நோயுள்ள தாயோடு இருக்கிற மகன்கள் எத்தனையோ பேர் முழு வரியும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

கழிவு கிடைத்தவுடன் 1,420, 1,065 ஆனது. ஏப்ரலில் கட்டிய 142 போக 923. நீதிமன்றச் செலவு 92. கவுன்சிலின் அறவிடும் பகுதிக்கு நான் எழுதிய கடிதம் ஒரு பக்கம்தான். யார், என்ன நிலை, ஏன் நலிவுற்றவர், மாதக் கணக்குத் தாள் இணைப்பு, கோப்பைப் பெய்லிப்பிடம் இருந்து திரும்ப எடுக்கும்படி வேண்டுகோள். கடைசியில், முதல் தவணை இன்றே கட்டியாயிற்று என்று பற்றுச்சீட்டு இலக்கம். இது முக்கியம். ஒப்புக்கொண்டால் கட்டுவேன் என்று எழுதுவதைவிட, கட்டிவிட்டு எழுதுகிற கடிதத்தை வேறு கண்ணோடு வாசிப்பார்கள். பதில் தந்த அலுவலர் நல்ல மனிதர். கோப்பை எடுத்து, 235ஐ நீக்கினார். 75 நின்றது. மொத்தம் 1,090.

எவ்வளவு தவணை? தாளில் மாதம் 38 பவுண்தான் மிஞ்சியது. அடுத்த ஏப்ரலில் வரப்போகிற புது வருட வரியையும் பன்னிரண்டாகப் பிரித்து முதலிலேயே செலவில் எழுதியிருந்தேன். அதை விட்டால் பழைய கடன் அடைய அடையப் புதுக் கடன் ஏறும். 38இல் 30ஐக் கொடுக்கச் சொன்னேன். எட்டுப் பவுண் பிள்ளையின் சப்பாத்துக்கும் உடைந்த கேத்திலுக்கும். சீட்டு முடிகிற ஏழாம் மாதத்துக்குப் பிறகு 80. முதல் ஏழு மாதம் 210, பிறகு பதினொரு மாதம் 880. “30 எண்டால் சிரிப்பாங்களே அக்கா” என்றார். யாரும் சிரிக்கவில்லை. சீட்டு முடியும் திகதியையும் 80 தொடங்கும் திகதியையும் சேர்த்து எழுதியிருந்தோம். கணக்குப் பார்க்கிறவருக்கு அது விளங்கும்.

2021 மே 4ஆம் திகதியில் இருந்து இன்னொரு கருவியும் கையில் இருக்கிறது. பிரீதிங் ஸ்பேஸ் என்கிறார்கள்; மூச்சுவிட இடம். ஆலோசகர் விண்ணப்பித்தால் அறுபது நாளுக்கு வட்டி, கட்டணம், பெய்லிப் நடவடிக்கை எல்லாம் நிற்கும். மனநல நெருக்கடியில் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு அந்தச் சிகிச்சை நடக்கும் காலமும் அதன்பின் முப்பது நாளும். அந்தக் காலத்தில் நடப்பு வாடகையும் நடப்பு வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கவேண்டும், கடன் மறைந்துவிடாது. அந்த அறுபது நாளில் கணக்குத் தாளை முடிக்காமல் விட்டால், அறுபத்தோராம் நாள் பழைய இடத்தில்தான் நிற்பீர்கள். ஒன்றுமே கட்ட வழியில்லாதவர்களுக்கு டெட் ரிலீஃப் ஓடர், அதாவது கடன் நிவாரண உத்தரவு, உண்டு. 2024இல் அதற்கான 90 பவுண் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கடன் எல்லையையும் 50,000 பவுணாக உயர்த்தினார்கள். அது தனியாக இருந்து பேசவேண்டிய விசயம்.

அந்தப் பெண் கொரோனாக் காலம் முழுவதும் அதே பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை செய்தார். ஒரு மாதமும் தவறவில்லை. ஒவ்வொரு முதலாம் திகதியும் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார், நான் கேட்டதில்லை. 2021 மே மாதம் கடைசி 80 போனது. அடுத்த கிழமை கவுன்சிலில் இருந்து ஒரு கடிதம் வந்தது, மீதி பூச்சியம் என்று. அதை அவரே உடைத்து வாசித்திருந்தார்.

உங்கள் வீட்டு லாச்சியிலும் அப்படி உறைகள் இருந்தால், இன்று பின்னேரம் ஒன்றை எடுத்துத் திகதியைப் பாருங்கள். அருகில் இருக்கிற இலவச ஆலோசனை நிலையத்துக்கு அந்தப் பையை அப்படியே கொண்டுபோங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள். நினைவூட்டல் வந்து ஏழு நாள் ஆகவில்லை என்றால், நீங்கள் கட்டவேண்டியது இன்னும் ஒரு தவணைதான்.